மூன்றாவது காபி

சும்ரெத்தா கொண்டுவந்து வைத்த கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது.

ரசீம் அதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, முதலாளி ஆகியும் கை நடுக்கம் போகலையா?"

போகவில்லை. புருஷன் செத்தபிறகு இந்த ஜாம் ஆலையை அவள்தான் நடத்துகிறாள். வங்கிக்காரர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். சரயேவோவின் பெரிய வியாபாரிகளை வாசலில் காக்க வைத்திருக்கிறாள். இந்த ஒரு மனிதரின் கார் உள்ளே நுழைந்தால் மட்டும் பயம் வந்துவிடும்.

ஊரில் பிளம்ஸ் பழம் வாங்கும் ஆலைகள் இரண்டு. ஒன்று அவருடையது. மற்றதும் தனக்கே வேண்டும் என்றுதான் இன்று வந்திருந்தார்.

ஆலையைத் தன் பேருக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தப் பருவத்தில் ஒரு தோட்டக்காரனும் அவளுக்குப் பழம் போடமாட்டான் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பழம் வராவிட்டால் கொப்பரை அடுப்பில் ஏறாது. ஆலை தானாக அவர் காலடியில் வந்து விழும்.

அவர் வரவேற்புக் காபியைக் குடித்து முடித்தார். அவள் பேச்சுக் காபியை ஊற்றினாள்.

பொஸ்னியாவில் விருந்தாளிக்கு மூன்று காபி. வந்ததும் ஒன்று, பேசுவதற்கு ஒன்று. மூன்றாவது வந்துவிட்டால் 'கிளம்பு' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

பொறுப்பேற்ற புதிதில் அவருடைய குளிர்பதனக் கிடங்கில் கொஞ்சம் இடம் கேட்டுப் போயிருந்தாள். உட்கார்ந்த உடனே ஒரு காபியை அவள் முன் வைத்து, "இது மூணாவது" என்றார் ரசீம். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிரண்டுபோய் எழுந்தவள் கையில் பிடித்த கோப்பையோடு தெருவரை வந்துவிட்டாள்.

அந்தக் கோப்பை அவளுடைய மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். மறந்துவிடக் கூடாதே.

"தோட்டக்காரங்க எல்லாரும் உங்க பேச்சைக் கேப்பாங்களாண்ணே?" என்று பவ்யமாகக் கேட்டாள்.

"கேக்காம? கோழிக்கு இருக்கிற புத்திகூட அவனுங்களுக்குக் கிடையாது. பெட்டிக்கு ரெண்டு கிலோ என் தராசு முழுங்குது. இன்னிவரைக்கும் ஒருத்தன் கண்டுபிடிச்சானா சொல்லு!"

"அவ்வளவு ஏமாளிகளா?" அவள் கண்களை அகல விரித்தாள்.

அவ்வளவுதான், ரசீமுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேலி செய்தார். முராத்துக்குக் கூட்டல் கணக்கே வராதாம். ஓமெருக்குத் தோளைத் தட்டி ஒரு 'சபாஷ்' போட்டால் போதுமாம், தோட்டத்தையே எழுதிக் கொடுத்துவிடுவானாம். அவர் மூச்சு வாங்கியபோது அவள் ஒரு துண்டு லோக்கும் இனிப்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கடைசியில் அவரே களைத்துப்போய், கையெழுத்துக்காகப் பத்திரத்தோடு பேனாவை நீட்டினார்.

சும்ரெத்தா இழுப்பறையைத் திறந்து அந்தக் கோப்பையை எடுத்தாள். காபி ஊற்றி அவர் முன் வைத்தாள். கை நடுக்கத்தில் பாதி காபி அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் சிந்தியது. மன்னிப்புக் கேட்கவில்லை.

ரசீம் கோப்பையில் இருந்த தன் ஆலையின் சின்னத்தைப் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்தது.

"உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. பயந்துக்கிட்டேதான் கிளம்பச் சொல்றேன். கோப்பை உங்களோடதுதான், மறக்காம எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கோப்பையை எடுக்கவில்லை. கார் போகும் சத்தம் அடங்கும்வரை அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, ஒருக்களித்து வைத்திருந்த உள் அறைக் கதவை முழுதாகத் திறந்தாள்.

காலையில் அவளே அழைத்து உட்கார வைத்திருந்த தோட்டக்காரர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கொடுத்த வரவேற்புக் காபி ஒவ்வொருவர் கையிலும் ஆறிப்போயிருந்தது. ஓமெர் தலை நிமிரவில்லை.

முராத் மட்டும் தன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"எங்களுக்கு ரெண்டாவதை ஊத்தும்மா. பேசுவோம்."