மூச்சு விடோணுங்க

கோமளா எதையோ ஒளிக்கிறாள்.

முக்காலியை விட்டு எழாமலே அதைக் கண்டுகொண்டாள் வேலாத்தாள். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும், பனியன் கம்பெனி கேட்டில் பெண்களைத் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவதுதான் அவள் வேலை.

வரிசையில் மற்றவர்கள் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கோமளா மட்டும் நட்ட கம்பம் போல நின்றாள். பேச்சில்லை. பார்வை எங்கோ சுவரில்.

சும்மா நிற்கிறவளுக்கு அந்த முகம் வராது.

வேலாத்தாளுக்கும் அன்றைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கட்டிங் வேஸ்ட் மூட்டையில் வெள்ளைத் துண்டாகப் பார்த்து யாரோ எடுக்கிறார்கள். அதிலும் மெத்தென்று இருப்பதை மட்டும். சூப்பர்வைசர் குருசாமி மத்தியானமே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"இன்னிக்கு ஆளைப் புடிச்சுக் குடுங்க. இல்லீன்னா நாளைக்கு வேற ஆளு வெச்சு, உங்களையும் சேத்துத்தான் தடவோணும்ங்க."

அதற்குப் பிறகு வந்த டீயை அவள் தொடவில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அவள் என்றைக்குமே டீ குடிக்கிறதில்லை. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்!

கோமளா துண்டு எடுக்கிறவள்தான். இரண்டாவது பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒருநாள் அவள் இடுப்பில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து, அந்த இடம் வந்தால் வேலாத்தாளின் கை தொடாமலே நகர்ந்துவிடும். ஏன் அப்படி விட்டாள் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்றைக்கு விட முடியாது.

"ஏம் புள்ள, இங்க வா."

தட்டி மறைவுக்குள் கூட்டிப்போய்த் தடவினாள். இடுப்பு, முந்தானை, சாப்பாட்டுக் கூடை. எதிலும் ஒன்றுமில்லை.

"எங்கடி வெச்சிருக்கற?"

"எதைங்க அக்கா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? இத்தன நாளு நீ எடுத்தது?"

கோமளாவின் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு காதோரமாக வந்து மெதுவாகச் சொன்னாள். பிரசவத்துக்கு அப்புறம், தும்மினால், இருமினால், பண்டல் தூக்கினால் சொட்டிவிடுமாம். அதற்குத்தான் அந்தத் துண்டு. இப்போது பக்கத்தில் ராயபுரத்தில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு அம்மாவிடம் போகிறாள். மூத்திரத்தை நிறுத்துகிற மாதிரி உள்ளுக்குள் இறுக்கி, மேலே தூக்கிப் பிடித்து, மெல்ல விட வேண்டும். வரிசையில் நிற்கும்போது கூடச் செய்யலாமாம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

"கை காலு இழுத்துக்கிட்டவங்க போற எடந்தான அது?"

"இதுக்கும் பாக்கறாங்க அக்கா. எது இறுகுது, எது இறுகலைன்னு அந்தம்மா பாத்துப் பாத்துச் சொல்லிக் குடுத்தாங்க."

"மருந்து?"

"மருந்தே இல்லீங்க."

மருந்து இல்லை, ஊசி இல்லை, நின்ற இடத்தில் நின்றே குணமாகிறதாம். வேலாத்தாளுக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியது.

"யாரு காதுல பூ சுத்தற? எங்க, இருமு பாக்கலாம்."

கோமளா இருமினாள். வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சு. காலிக் குடத்தை உருட்டிவிட்டது போல வந்தது இருமல். கேட்காமலே இன்னொரு தடவையும் இருமிக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

வேலாத்தாள் தரையைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை.

"மொதல்ல எனக்கும் ஒண்ணும் தெரியலீங்க. விடாமச் செஞ்சதுல நின்னு போச்சு. துண்டு எடுக்கறத விட்டு வெகு நாளாச்சு." சொல்லிக்கொண்டே வந்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப, இப்ப எடுக்கறது யாருங்க அக்கா?"

வேலாத்தாள் வாயைத் திறந்தாள். தூசி தொண்டையில் ஏறியது. ஒரே ஒரு இருமல்தான். அதற்குள் அவள் கால்கள் இரண்டும் தாமாகப் பின்னிக்கொண்டன.

கோமளா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த கண்ணைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டாள், நல்ல பிள்ளை.

காலையில் யாரும் வருமுன் மூட்டையில் கை விட்டு எடுத்த வெள்ளைத் துண்டுகள், வேலாத்தாளின் பாவாடைக்குள் ஈரத்தில் கனத்தன.

"வெளிய மூச்சு விட்றாத கண்ணு."

"மூச்சு விடோணுங்க அக்கா. இறுக்கிப் புடிக்கறப்ப அதை மட்டும் அடக்கவே கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க." சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கூடைக்குள் வைத்தபடி, ஊர்ப்பேச்சு பேசுகிற மாதிரிச் சொன்னாள். "வெள்ளிக்கெழம நானு போறனுங்க. வந்தீங்கன்னா சேந்தே போயிட்டு வரலாம்."

தட்டிக்கு வெளியே குருசாமி நின்றிருந்தான்.

"ஆளு சிக்குச்சுங்களா?"

இவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு வேலாத்தாளின் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"இந்தப் புள்ளகிட்ட ஒண்ணுமில்லீங்க."

"அப்ப யாருகிட்டத்தானுங்க இருக்குது?"

வேலாத்தாள் முக்காலியில் போய் உட்காரவில்லை. நட்ட கம்பம் போல நின்றாள். பார்வை எங்கோ சுவரில்.

குருசாமி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"ஏனுங்க, எதையோ ஒளிக்கறீங்களே?"

உள்ளுக்குள் இறுக்கிப் பிடித்தபடியே, வேலாத்தாள் மெல்ல மூச்சு விட்டாள்.