இரண்டு முட்டி, இரண்டு மருந்து

"ரெண்டுல எதும்மா பரவாயில்ல? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புத் தையல் கோணலாக ஓடியிருந்தது. எந்த மகராசி கண்ணை மூடிக்கொண்டு தைத்தாளோ.

ஆயுள் முழுக்க மிஷினை மிதித்து மிதித்தே தேய்ந்த முட்டிகள். வலதை மழைக்காலத்தில் மாற்றினார்கள், இடதை நேற்று. இரண்டு தடவையும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். பதற்றம் தெரியாமலிருக்கக் கூடவே ஒரு தூக்க மருந்து. வலதுக்கு ஒன்று, இடதுக்கு வேறொன்று. இரண்டில் எது மேல் என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தார்.

நேற்றைய மருந்தில் கதையே இல்லை. கண்ணை மூடினாள், திறந்தாள், வார்டில் கிடந்தாள்.

முதல் மருந்து அப்படியில்லை. அரைத் தூக்கம். சுத்தியல் சத்தம், ரம்பச் சத்தம், பக்கத்தில் யாரோ வீடு கட்டுகிற மாதிரி. அதற்கு நடுவே தலைமாட்டிலிருந்து ஒரு குரல். நெற்றியில் ஒரு கை.

"அம்மா, கேக்குதா? குளிருதா? நான் இங்கதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அவள் "ம்" என்றாள்.

அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. மயக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் டாக்டர் கூப்பிட்டார், பாசம் பொங்கி வழிந்து அல்ல. தெரியும். ஆனாலும் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து, குளிருதா என்று அவளைக் கேட்க ஒரு நாதி இல்லை. கடையை மூடியதும் அளவு கொடுக்க வந்தவர்களும் நின்றுபோனார்கள். எப்போதாவது போன் அடிக்கும். எடுத்தால், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கும். அதனிடம்கூட இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிப் பார்த்திருக்கிறாள். அது பட்டென்று வைத்துவிடும்.

அடுத்த முட்டி எப்போது, அடுத்த முட்டி எப்போது என்று இவள் பறந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். வேறு மருந்தென்றால் கூப்பிடவே மாட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆசை ஆசையாய்ப் போய்ப் படுத்தவளைத் தூங்க வைத்து அனுப்பிவிட்டார்கள். பாவி மனசு ஏமாந்துபோனது.

"முதல்ல போட்டதுதான் டாக்டர்."

டாக்டர் ஆச்சரியமாய்ப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் நேற்றைய மருந்தைத்தான் சொல்கிறார்களாம். அந்தச் சத்தமெல்லாம் கேட்டிருக்குமே, பயமாக இல்லையா என்றார். இல்லை என்று தலையாட்டினாள். சரி, எதுவானால் என்ன, இரண்டு முட்டியும் முடிந்தது, இனி இந்தப் பக்கமே வர வேண்டாம், சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் கதவு வரை போய்விட்டார்.

"டாக்டர்... தோள்பட்டையையும் இந்த மாதிரி மாத்துவாங்களா?"

"மாத்துவாங்க. ஏம்மா?"

திரும்பி வந்தார். குனிந்து, அவள் தோளில் கையை வைத்தார்.

"இங்கயா வலிக்குது?"

ஆஸ்பத்திரிக்கு வரும்வரை வாளித் தண்ணீரை அலுங்காமல் தூக்கிய தோள் அது.

"ம்," என்றாள்.