குடுவைக்குள் ஓர் எழுத்து

வந்தவர் சுட்டுவிரலைக் குடுவையின் வாய்க்குள் விட்டார்.

கண்காட்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கிறவர் அவர். வெளியே மினுக்குவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், கடைந்தது யார் என்பதை உள்சுவர்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

“விரல் மாட்டிக்கிச்சுன்னா இதோடதான் வீட்டுக்குப் போகணும் பெரியவரே. மோதிரம் கொஞ்சம் பெருசா இருக்கேன்னு என் வீட்டுக்காரி கேப்பா.”

சிரித்தேன். வந்தவர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பதும் மரியாதைதான்.

குடுவை ஒரு குழந்தையின் தலை அளவு இருக்கும். வாய் மட்டும் கட்டைவிரல் அகலம். அந்த வாய் வழியாக வளைந்த உளியை விட்டு, லேத் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கும் மரத்தையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். உளிமுனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் பார்க்க வேண்டும். சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும். நகக் கனத்துக்கு வந்ததும் கையை எடுக்கத் தெரிய வேண்டும். ஒரு நூல் கூடுதலாகப் போனால் சில்லுச் சில்லாக முகத்தில் அடிக்கும்.

அடியில் எங்கள் குடும்ப முத்திரை. அப்பா காலத்து இரும்பு அச்சால் சூடு போட்டது. அதன் கீழே என் பெயர்.

எனக்குக் கை நடுங்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. அவர் முன்னால் டீயை ஆற விட்டேன். டம்ளரைத் தூக்கினால் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது கடைவதெல்லாம் பின்னறையில் இருக்கிறவள்தான். ஒருநாள் என் கையிலிருந்து உளி நழுவியபோது, கேட்காமலே எடுத்து மிச்சத்தை முடித்தாள். அப்பா இருந்திருந்தால் பெண் கை பட்ட உளியை அடுப்பில் போட்டிருப்பார். என்னைவிட நன்றாகவே கடைகிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்.

தட்டோடு கதவோரம் நின்றாள். முகம் கழுவிவிட்டு வா என்று சொல்லியிருந்தேன். கழுவியும் புருவத்தில் மரத்தூள்.

அது அவர் கண்ணில் பட்டது.

“ஏம்மா, பட்டறையக் கூட்டுறதும் நீதானா?”

“வீட்டு வேலைக்கு இருக்கிற பொண்ணு,” என்று நான் முந்திக்கொண்டேன். “கூட்டுறது, துடைக்கிறது எல்லாம் இவதான்.”

கடைகிறவள் இவள் என்று தெரிந்தால், இவள் யார் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட நாண்டுகொண்டு சாவது எவ்வளவோ மேல்.

அவர் விரல் உள்ளே நின்றது. சற்று நகர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

“உள்ள என்னமோ எழுத்து இருக்கே. உங்க பேரு மாதிரி இல்லையே.”

வாங்கி விரலை விட்டேன். கழுத்துக்குக் கீழே, கண் எட்டாத வளைவில், வளைந்த கம்பியைக் காய்ச்சிச் சுட்ட தடம். விரல் அதன் சுழியைச் சுற்றி வந்து கீழே இறங்கியது. ஒரே ஓர் எழுத்து. அவள் பெயரின் முதல் எழுத்து.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். பயம் இல்லை. இப்படி ஒரு விரல் எப்போது வரும் என்று காத்திருந்தவள் மாதிரி நின்றாள்.

அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“என் மக பேரு,” என்றேன். “கட்டிக் குடுத்து கண்காணாத ஊர்ல இருக்கா. மாப்பிள்ளை உள்ளங்கையில வச்சுத் தாங்குறாரு. நமக்குத்தான் பாக்க முடியல. அந்த ஏக்கம், செய்யறது ஒவ்வொண்ணுலயும் உள்ள எழுதி வச்சிடுவேன். வெளிய எழுதினா நாலு பேரு சிரிப்பாங்க.”

குரல் தழுதழுத்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடுவைக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இதையும் எழுதிவிடுகிறேன் என்றார். என் அப்பாவின் படம் ஒன்று கேட்டார், அதையும் மாட்டுவார்களாம். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாம்மா. பொண்ணாப் பொறந்தா இப்படி ஒரு அப்பன் வீட்ல பொறக்கணும்.”

அவள் காலி டம்ளரைத் தட்டில் வாங்கிக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்து, அலமாரியிலிருந்த குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலை விட்டுப் பார்த்தேன். பதினொன்றிலும் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன், புருஷன் வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பெற்ற மகளை நான் துரத்தவில்லை. அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டு, எங்கள் முகம் தெரியாத இந்தத் தெருவுக்கு வந்தேன். பின்னறையைக் கொடுத்தேன். ஒரு வேளைச் சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. சொந்தபந்தம் கேட்டால் சௌக்கியமாக இருக்கிறாள் என்றேன். ஆள் வந்தால் மட்டும் என்னை ஐயா என்று கூப்பிடு என்றேன். இதைத் தவிர அவளிடம் நான் கேட்டது எதுவுமில்லை.

“இனிமே எல்லாத்துலயும் எழுது,” என்றேன். “ஒண்ணு விடாம. நான் சொல்லித்தான் எழுதற, புரியுதா?”

அவள் லேத்தின் முன் போய் நின்று கொண்டையை இறுக்கி முடிந்தாள். சுவிட்சில் கையை வைத்தபடி திரும்பினாள்.

“சரிங்க ஐயா.”

வீட்டில் வேறு யாரும் இல்லை.