விற்காத வண்டி

“அப்பா, அந்தப் பெரிய வண்டியை வாங்க நம்மகிட்ட காசு இல்லைன்னு அந்த மீசைக்காரர் நெனைச்சுட்டாரா?”

பின்சீட்டிலிருந்து ஆறு வயது பிரிட்டா கேட்டாள். கர்ட் ஹௌகன் வண்டியை வேகமாகத் திருப்பினான். ஷோரூம் வாசலைத் தாண்டியதும் ஹீட்டரை முறுக்கினான். அது இரண்டு முறை இருமிவிட்டுக் குளிர்ந்த காற்றையே ஊதியது.

இரண்டு வாரத்தில் இப்படி வெறுங்கையோடு திரும்புவது இது மூன்றாவது தடவை. ஏப்ரலில் மூன்றாவது குழந்தை பிறக்கப்போகிறது. பதினோரு வருடப் பழைய வண்டி, பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பில் கதவோரமெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. பின்னால் மூன்று குழந்தை இருக்கைகள் வைக்க இடமில்லை.

காகித ஆலையில் கர்ட்டுக்குப் பதினான்கு வருட வேலை. ஆறு வருடத் தவணையில் ஒரு புது எஸ்.யூ.வி. எடுத்துவிடலாம் என்று அவனும் மனைவி ஜோலீனும் முடிவு செய்திருந்தார்கள். வாங்க ஆள் தயார். விற்கத்தான் ஆள் இல்லை.

முதல் முறை போனபோது அந்த மீசைக்கார விற்பனையாளர் வெர்ன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “போன ஜனவரில ரோட்டோரப் பள்ளத்துல வண்டியோட பனியில மாட்டிக்கிட்டுக் கிடந்தேனே, என்னை இழுத்துப் போட்டது நீங்கதானே? பேரைக்கூடச் சொல்லாம போயிட்டீங்களே!”

“அட விடுங்க, யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க.”

“எங்க வேலை பார்க்கறீங்க? ஆலையிலயா?”

“ஆமா, வேறெங்க?”

வெர்ன் காபி ஊற்றப் போனார். திரும்பி வந்ததிலிருந்து அந்தப் புது வண்டியைப் பற்றி ஒரே குறைதான். “இந்த மூணாவது வரிசையில ஒரு கோழிதாங்க காலை நீட்டி உட்காரும்” என்றார். அடுத்த முறை, “மைனஸ் முப்பது டிகிரி குளிர்ல இந்தத் தொடுதிரை உங்க பேச்சைக் கேட்காது. பாட்டை மாத்தறதுக்குள்ள விரல் விறைச்சுப்போகும்” என்றார்.

இன்று கர்ட் சட்டைப்பையில் பேனாவோடு போயிருந்தான். “வெர்ன், குறை கேட்க வரலை. எங்க கையெழுத்துப் போடணும், அதை மட்டும் காட்டுங்க.”

“கொஞ்ச நாள் பொறுங்களேன்.”

“இந்த மாசத்தோட சலுகை முடியுதுன்னு உங்க வாசல்லயே எழுதி மாட்டியிருக்கே!”

“அதை எழுதினவன் வேற ஆளு.”

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். “வெர்ன்! இந்த மாசம் நீ இன்னும் ஒரு வண்டிகூட விக்கலை. ஞாபகம் இருக்கா?”

வெர்னின் காதுமடல்கள் சிவந்தன. ஆனாலும் ஃபைலை மூடிவிட்டார். “தப்பா நெனைக்காதீங்க, கர்ட். ஒரு மாசமா என் வீட்டுக்காரிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. நான்தான் சமைக்கிறேன். அதைச் சாப்பிட்டா மனுஷனுக்குத் தூக்கம் வருமா?”

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். “அகலம் கம்மியான குழந்தை சீட்டோட பேரு இதுல இருக்கு. உங்க பழைய வண்டியிலயே மூணு உட்காரும், இப்பத்தான் டேப் வெச்சு அளந்தேன். திங்கட்கிழமை வண்டியைக் கொண்டு வாங்க, ஹீட்டரை நானே சரி பண்றேன். காசு வேணாம்.”

கர்ட் விடைபெறாமல் வெளியே வந்துவிட்டான். அதன் பிறகுதான் பிரிட்டாவின் கேள்வி.

“குழந்தைக்கே தெரியுது!” என்று கர்ட் ஸ்டியரிங்கைக் குத்தினான். “பள்ளத்துல இருந்து இழுத்துவிட்டதுக்கு நல்ல மரியாதை. இலவச ஹீட்டராம்! என்னைப் பிச்சைக்காரன்னு நெனைச்சிட்டான் அந்த ஆளு.”

“கத்தாத. சின்னவன் தூங்கறான்” என்றாள் பக்கத்தில் இருந்த ஜோலீன்.

“வர்ற சனிக்கிழமை டுலூத் டவுனுக்குப் போறோம். தொண்ணூறு மைல்னாலும் பரவாயில்லை. அங்க வாயை மூடிக்கிட்டு விப்பாங்க.”

“போலாம். ஆனா அதுவரைக்கும் விறைச்சுப் போகாம போய்ச் சேர ஹீட்டர் வேணும்ல?”

திங்கட்கிழமை ஜோலீன்தான் வண்டியைக் கொண்டுபோனாள். ஹீட்டர் சரியாகி வந்தது. கர்ட்டின் கோபம் மட்டும் ஆறவில்லை. வாரம் முழுக்க, வேலைக்கு நடுவே, அந்த மீசையை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலையில் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மேலாளர் ஒரு தாளைப் பார்த்து நான்கு நிமிடம் படித்தார். ஆலையை மூடுகிறார்கள். இருநூற்றுப் பத்துப் பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வேலைநீக்கக் கடித உறை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கர்ட்டின் கால்கள் தாமாக நகர்ந்தன. நாளைக்கு டுலூத். ஆறு வருடத் தவணை.

மேசைக்குப் பின்னாலிருந்த அலுவலகப் பெண்ணுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. கர்ட் தன் பெயரைச் சொன்னான். அவள் உறையைத் தேடும்போது, அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தான். மார்சி லைட்டினன். மூன்று சனிக்கிழமையும் தன் எதிரே உட்கார்ந்திருந்த மீசைக்காரரின் மேசைப் பெயர்ப் பலகையிலும் அதே லைட்டினன்தான்.

“வெர்ன்... உங்களுக்கு...?”

“என் வீட்டுக்காரர்.” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “ஐயோ, அவர்கிட்ட வண்டி வாங்கிட்டீங்களா?”

“இல்லீங்க. மூணு தடவை கேட்டேன். விக்கவே மாட்டேன்னுட்டார்.”

மார்சி உறையைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

“நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றாள் மெல்ல. “ஒரு மாசமா இந்த உறைங்களைத் தயார் பண்ணிட்டு, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன், அவ்வளவுதான்.”