நெட் கொடுக்கக் கூடாத பெட்டி

சூசையின் மூச்சுக் கருவியை அதைத் தயாரித்த கம்பெனி கைவிட்டதும், அவர் மனைவி ரெஜினா பழைய வீடியோ கேம் பெட்டியில் கள்ள மென்பொருள் ஏற்றி, அதை வைத்தே கருவியை ஓட்டினாள். ஏற்றிக் கொடுத்த மெக்கானிக் எச்சரித்திருந்தான்: “நெட்டு மட்டும் குடுத்துராதீங்க. அப்டேட் ஆச்சுன்னா நாம போட்டதெல்லாம் அழிஞ்சிரும்.”

சட்டப்படி குற்றம் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அவள் வீடு திரும்பியபோது, காலையில் ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் சவரி சிரித்தான்.

“அண்ணனுக்குப் பொழுது போகட்டுமேன்னு பெட்டிக்கு நெட்டு குடுத்துட்டேன், மைனி.”

திரையில் அப்டேட் தொண்ணூற்றெட்டு சதவீதம் ஏறியிருந்தது. கரண்ட் வயரைப் பிடுங்கினாலும் மூச்சு நிற்கும், விட்டாலும் நிற்கும். சூசை அவளையே பார்த்தார்.

பெட்டி உற்சாகமாக ஒரு ராகம் பாடிவிட்டுக் கேட்டது: ‘ஆடுவது ஒருவரா, இருவரா?’