வாய் திறக்காத பெட்டி

ஆஸ்பத்திரியில் கணவனின் கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"புது ஏஐ மெஷின்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "ரத்தத்துல கிருமி பரவப் போகுதுன்னா முன்கூட்டியே கண்டுபிடிச்சிடும்."

கணவனுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்திருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"நம்ம குடும்பத்துலயே தொணதொணக்காத ஒரே ஆள் இதுதான்" என்றான் அவன், பெட்டியைக் காட்டி.

"அது பேசினா ஆபத்துன்னு அர்த்தம். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா படுங்க."

மாலையில் அந்த மெஷினைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் பெண் வந்து, மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள்.

"என்னம்மா சொல்லுது?"

"அது எனக்கே தெரியக் கூடாதுக்கா. பதிவாகுதான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

அவள் போன கொஞ்ச நேரத்தில் அவன் குளிர்கிறது என்றான். கை சில்லிட்டிருந்தது, பேசும்போது மூச்சு வாங்கியது. நர்ஸைக் கூப்பிட எழுந்தவள் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். பச்சை. சத்தமே இல்லை.

"ஏசி காத்துதாங்க" என்று இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

விடிந்தபோது அவனுக்கு நினைவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துணிப்பையை எடுக்க வந்தவள் பெட்டியை ஓங்கி அறைந்தாள். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? உன்னை நம்பித்தானே பாவி நான் சும்மா இருந்தேன்!"

"மெஷின்தானேம்மா, அதை அடிச்சு என்ன பண்றது" என்று தலைமை மருத்துவர் அவள் தோளைப் பிடித்து வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, கூடவே வந்திருந்த பொறியாளர் பெண்ணிடம் திரும்பினார். "முடிவு தெரிஞ்சாச்சு. இனி பதிவோட பூட்டைத் திறந்து பார்க்கலாம்."

அவள் திறந்தாள். திரையைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"நேத்து மத்தியானமே 'ஆபத்து'ன்னு பதிவு பண்ணியிருக்கு சார். சோதனைக்காக, நோயாளிக்கு என்ன ஆகுதுன்னு தெரியற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு நாமதான் பூட்டி வெச்சிருந்தோம். அப்பவே வார்டுக்குச் சொல்லியிருந்தா..."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா மருந்து போட்டுக் காப்பாத்தியிருப்பாங்க. அப்புறம் மெஷின் சொன்னது சரியா தப்பான்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?"