படக்கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி

வைஃபை அடாப்டரைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகியதும் அதன் நீல விளக்கு மினுங்குகிறது. இனி வீட்டு வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு போட்டால் வேலை முடிந்தது என்கிறான், பொம்மனஹள்ளிக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருக்கும் தனக்கோடி. "அத நானே போட்டுக்கறேன். நீ சித்த அந்தப் பக்கம் திரும்பிக்கோப்பா" என்கிறாள் வீட்டுக்காரி பாமா. தண்டனை வாங்கிய பள்ளிப்பிள்ளை போல அவன் சுவரைப் பார்த்து நிற்கிறான். சுவரில் கோட்டு போட்ட அவள் மாமனாரின் படம். அதன் கண்ணாடியில், கோட்டின் நெஞ்சருகே, கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்கு பச்சையாக எரிகிறது. அவள் தட்டுவதெல்லாம் பெரிய எழுத்தாக விழுகிறது. திரையில் வெறும் புள்ளிகள்தான், அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். "பாக்கலையே?" "இல்லைங்க மேடம்." கம்ப்யூட்டர் இணைந்துவிடுகிறது. அவள் போன் மட்டும் பாஸ்வேர்டு தவறு, தவறு என்கிறது. "நான் சரியாத்தானே அடிக்கறேன்! என்னப்பா பண்ணி வெச்சே?" கேப்ஸ் லாக் என்று சொன்னால் பார்த்ததாகிவிடும்; நாக்கு நுனிவரை வந்த பதிலை அவன் விழுங்குகிறான். "அடாப்டர்தாங்க கோளாறு" என்று, ஒழுங்காக மினுங்கும் அதைப் பிடுங்கிப் பையில் போடுகிறான். வேலை தெரிஞ்ச ஆளா அனுப்பக் கூடாதா என்று அவள் கடைக்காரரிடம் போனில் கத்துகிறாள். படத்தில் பச்சை விளக்கு இன்னும் எரிகிறது.